ஃபயர் லைனில் காயப்போட்ட வலை

வனத்துறையில் காப்பாளராகச் சேர்ந்த புதிதில், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு ஜாஸ்தி. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். அதற்கும் நெல்வயலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு. காய்ந்த சவுக்குச் சருகு பெட்ரோல் மாதிரி. அறுவடை முடிந்து வயலில் நிற்கும் அடித்தாளைக் கொளுத்தினால் தீ தோப்பு வழியாகக் குப்பத்துக்கு வந்துவிடும். அதனால் தோப்புக்குள் தீயை மறிக்க இருபதடி அகலத்துக்கு ஃபயர் லைன் வெட்டி, ஒரு சருகு விடாமல் பெருக்கி வைத்தேன்.

ஒரே வாரம். போய்ப் பார்த்தால் லைன் முழுக்க வலை. முள் இல்லாத சுத்தமான மணலைக் குப்பத்து ஜனம் சும்மா விடுமா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கத்தினேன். வலை விரித்துக்கொண்டிருந்த தேசம்மா நிதானமாகக் கேட்டார்.

"இவ்ளோ சுத்தமா பெருக்கி வச்சிகீறீங்களே சார், வலை காயப்போட இல்லன்னா இன்னாத்துக்கு?"

நைலான் வலை பற்றிக்கொண்டால் தீ லைனைத் தாண்டிவிடும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கவர்மெண்ட் இடம் என்று அதட்டிவிட்டு வந்தேன். என் தலை மறைந்ததும் வலை மறுபடி விரிந்தது.

அறுவடை முடிந்த ஒரு காலை, முனிரத்தினம் என்ற விவசாயி தாளைக் கொளுத்தினார். மேக்காத்து, வயலிலிருந்து குப்பத்துப் பக்கம் வீசும் மேற்குக் காற்று. லைனில் நின்றிருக்க வேண்டிய தீ வலைமேல் ஏறித் தாண்டியது. குப்பமே ஓடிவந்து ஈரச்சாக்கால் அடித்து அணைத்தது. வீடுகள் தப்பின. தேசம்மாவின் புது இறால் வலை உருகிக் கட்டியாகிவிட்டது. மறுநாள் அவர் வீட்டுக்குப் பாடு, அதாவது ஏரியில் வலை போடும் முறை. கட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆண்கள் முனிரத்தினத்தை அடிக்கக் கிளம்பினார்கள். நான் வழியை மறித்தேன். வலையை எங்கே காயவைப்பீர்கள் என்று கேட்காமல் லைன் வெட்டியவன் நான், என்னை அடியுங்கள் என்றேன். கொஞ்சம் அடங்கினார்கள். மறுநாள் பாடு போகப் பக்கத்து வீட்டார் தேசம்மாவுக்கு வலை கொடுத்தார்கள்.

ஊர்க் கூட்டத்தில் வழி சொன்னதும் தேசம்மாதான். ஏரியில் முறை வைத்துத்தானே இறங்குகிறோம், லைனுக்கும் அப்படியே வைப்போம் என்றார். பாடு இல்லாத வீடு அன்றைக்கு லைனைப் பெருக்கிக் காவல் பார்க்கும். தாள் கொளுத்துகிறவர் முதலில் அந்த வீட்டில் காற்று எப்படி என்று கேட்க வேண்டும். முனிரத்தினம் ஒப்புக்கொண்டார். வலை காயக் கரையோரம் வேறு இடத்தை நானே பெருக்கிக் கொடுத்தேன்.

அடுத்த அறுவடையில் தாள் கொளுத்தலாமா என்று முனிரத்தினம் போன் போட்ட அன்று, லைன் முறை தேசம்மா வீட்டுக்கு. வலையை எரித்தவரிடம் இவர் என்ன பேசப்போகிறாரோ என்று வாசலிலேயே நின்றேன். தேசம்மா போனோடு வெளியே வந்து காற்றைப் பார்த்தார்.

"இப்ப வாணாம் நைனா, மேக்காத்து கீது. மதியம் கடக்காத்து வரட்டும். நான் சாக்கு நனைச்சி எடுத்துனு வரேன், தனியா கொளுத்தாத."

மதியம் கடல் பக்கமிருந்து காற்று திரும்பியதும் இரண்டு பேரும் வரப்பில் நின்றார்கள். தீ வயலோடு அடங்கியது. நான் நிம்மதியாக டீ குடித்தேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை தோப்புக்குள் தீ வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. மண்வெட்டியை எடுக்கும் முன், அந்த மணலில் யாருக்கு என்ன வேலை என்று கேளுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு பெண்ணின் வலை எரிய வேண்டியிருந்தது.