தண்ணீர் காணாமல் போன மூலை

எழுபதுகளின் நடுப்பகுதி, ஒரு புரட்டாதி மாதம். நீர்வேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான், ஆனால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, அவை மெல்ல நகர்கின்றன, ஒன்றோடொன்று முட்டும் இடங்களில்தான் பெரும்பாலும் நிலம் நடுங்குகிறது, எரிமலை கக்குகிறது என்ற விஷயம் அப்போதுதான் எங்கள் வகுப்புகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதை ஊருக்குக் கொண்டுவந்து இறக்கியவனே நான்தான் என்பதுபோல ஒரு நடை எனக்கு.

ஒருநாள் கரும்பலகையில் படம் கீறி, நாங்கள் இருப்பது தட்டின் நடுப்பக்கம், எங்கள் நிலம் அசையாது என்று அடித்துச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பி, "அப்ப நிலம் நடுங்கினா எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்கு ஒருநாளும் தெரியவராதோ சேர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உசுப்பிவிட்டது.

எங்கள் பகுதியில் கிணற்றை ஆழமாக்க மண்வெட்டி உதவாது. செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். துளை போட்டு டைனமைற் வைத்துத்தான் உடைப்பார்கள். அந்த வருடம் மழை பிந்தியதால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வாழைத் தோட்டத்திலும் அந்த வேலை நடந்தது. வெடி வைத்தால் நிலம் அதிரும். சின்னப் பூமியதிர்ச்சிதானே? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

கல் பறக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதனால் கிணற்றுக்கு நன்றாக எட்ட இருந்த உரக் கொட்டிலின் பின்னால், கற்சுவரோடு பிள்ளைகளை இருத்தி, உள்ளங்கைகளைத் தரையில் பதித்துக்கொள்ளச் சொன்னேன். இதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது தோட்டத்துக்காரரின் மனைவி வந்தார். என் வயதுதான் இருக்கும். "உதிலை இருத்தாதேங்கோ மாஸ்டர். வாய்க்காலாலை வாற தண்ணி நாலைஞ்சு நாளா உந்த மூலையிலை காணாமல் போகுது. வாழைக்குப் போய்ச் சேருறேல்லை" என்றார்.

எலி வளையாக இருக்கும் என்றேன். ஒரு எலி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிலம் எங்கே அசையும், எங்கே அசையாது என்று அவருக்கும் ஒரு பாடம் எடுத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி. தோட்டம் எங்கடை. பிள்ளையளை ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கோ. இல்லாட்டி வெடி கொழுத்த விடமாட்டன்" என்றார்.

வேறு வழியில்லை. முறுமுறுத்துக்கொண்டே பிள்ளைகளை எழுப்பி, தோட்டத்துக்கு வெளியே ஓடிய ஒழுங்கைக்குக் கொண்டுபோய் மதிலோரம் இருத்தினேன். கிணற்றடியில் நின்ற வேலையாட்கள் "வெடி, வெடி, வெடி" என்று மூன்று தரம் கூவினார்கள். வெடித்தது. அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. பிள்ளைகளுக்கு ஒரே புளுகம், கைதட்டிச் சிரித்தார்கள். "இதுதான்..." என்று விளக்கத் தொடங்கினேன்.

அப்போது கொட்டில் கீழே போனது. சரிந்து விழவில்லை. சுவர் நின்றபடியே நிலத்துக்குள் இறங்கியது. கூரைத் தகரம் ஒரு கணம் தரைமட்டத்தில் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு வாழைகளும் குலையோடு உள்ளே போயின. செம்புழுதி எழும்பியது. எங்கேயோ ஆழத்தில் தண்ணீருக்குள் கல் விழும் சத்தம் மட்டும் கேட்டது.  

பிள்ளைகளை எண்ணினேன். இருபத்தொன்று. திரும்ப எண்ணினேன். இருபத்தொன்று. யாரோ கொட்டிலடியிலேயே நின்றுவிட்டார்கள், நான் பார்க்காமல் வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாம் தரமும் இருபத்தொன்றுதான்.

"கை நோகுது, விடுங்கோ சேர்" என்றது ஒரு குரல். வகுப்பில் கேள்வி கேட்ட அதே பிள்ளை. அவளுடைய கையை எப்போது பிடித்தேனோ தெரியாது, இறுகப் பிடித்தபடியே மற்றவர்களை எண்ணியிருக்கிறேன். மதிலோரமாகக் குந்தியிருந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துக் குகையாக்கும், அதன் கூரை ஒருநாள் இடியும் என்பது நான் அறியாத விஷயமில்லை. அதே புத்தகத்தில், அடுத்த பாடத்தில் இருந்தது. அதையும் படிப்பித்து நல்ல புள்ளிகள் வாங்க வைத்திருக்கிறேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் தட்டுகள் முட்டுவதைக் கீறிக் காட்டிய எனக்கு, அந்த வாய்க்கால் மூலையில் போன தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நன்றி சொல்லப் போனபோது அந்தப் பெண் எட்ட நின்று குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் உப்பிடி நடக்கும் எண்டு நினைக்கேல்லை மாஸ்டர். பிள்ளையளின்ரை கால் சேத்திலை புதையும் எண்டுதான் பயந்தனான்" என்றார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் அதே படத்தைக் கரும்பலகையில் கீறினேன். ஆனால் இன்றைக்கும், மழை விட்ட முற்றத்தில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சட்டென்று வற்றுவதைக் கண்டால் என் வலக்கை தானாக இறுகிக்கொள்கிறது, மனம் இருபத்திரண்டு வரை எண்ணி முடிக்கும்வரை அது விரிவதில்லை.