பை இல்லாத சட்டை

என் தம்பிக்குத் தெருவில் முக்கால் என்று பெயர். எந்த வேலையையும் முக்கால்வாசி முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது தொழில், வயது முப்பத்தெட்டு. வேலைக்குப் போன வீட்டிலிருந்து திரும்பினால் சட்டைப் பையில் ஒரு திருகாணியாவது மிஞ்சியிருக்கும். என் தையல் கடையில் பட்டன் டப்பாவும் உண்டு, அவனுடைய திருகாணி டப்பாவும் உண்டு. பட்டன் டப்பாதான் சின்னது.

முப்பது வருஷமாக நான் திட்டாத திட்டில்லை. சோம்பேறி, பொறுப்பில்லாதவன், மண்டையில் களிமண். நின்று கேட்பான், பாதியில் ஜன்னல் பக்கம் கண் போய்விடும். திட்டைக்கூட முழுசாக வாங்கத் துப்பில்லாத ஜென்மம்.

போன மாதம் ஒரு வீட்டில் மெஷினின் கால்களை இவன் சரியாக முடுக்காமல் விட்டதில், அது துவைத்துக்கொண்டே குதித்துக் குதித்துச் சமையலறை வாசல்வரை வந்துவிட்டதாம். இனி ஒரு திருகாணி மிஞ்சினாலும் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இவனுக்குத் தெரிந்ததோ இந்த ஒரு தொழில்தான். காதைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் ஆயிரம் கேள்வி கேட்டு, ஏ.டி.எச்.டி என்றார். அது என்ன என்று சொல்ல ஆரம்பித்தபோது அவருடைய நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. தம்பி மேஜைக்கு அடியில் போய்விட்டான். டாக்டர் நல்ல மனுஷர், காலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் மிச்சத்தைச் சொன்னார்.

"கவனமே இல்லன்னு இல்லம்மா. அதை எதுல வைக்கணும்னு பாத்துக்கறது மூளையோட முன்பக்கம். அங்க டோபமின்னு ஒரு ரசாயனம் வேலை செய்யற விதம் இவருக்குக் கொஞ்சம் வேற மாதிரி. பழுதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் சுவாரசியம், மூளை ஓடும். கடைசித் திருகாணில என்ன சுவாரசியம் இருக்கு? அதுக்குள்ள வேற ஒண்ணு கண்ணுல பட்டுடும், கையில இருந்தது மறந்துபோயிடும்."

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?"

"இல்லைங்க."

அவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. சக்கரம் எப்போதோ சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். நினைவை மண்டைக்குள் வைக்காமல் வெளியே, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள் என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஊசி நூல்தான். அவனுடைய ஏழு சட்டைகளின் பையையும் தைத்து மூடினேன். உடனே கால்சட்டைப் பைக்கு மாறினான். அதையும் தைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் திருகாணிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டிருக்கிறான். விழுங்கித் தொலைக்கப் போகிறாய் என்று கத்தினேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சொன்னான்:

"உங்கிட்ட கத்துக்கிட்டதுதான்கா. குண்டூசி வாயில இருக்கறப்ப நீ யாரையாவது திட்டியிருக்கியா? வேலைய முடிச்சிட்டுதானே வாயத் திறக்கற."

அவன் எடுத்து வைத்த திருகாணிகளைப் பொறுக்கி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை முதலாளி அவனை அந்த நடந்த மெஷினுக்கே கூட்டிப்போனார். எனக்குத் தையலே ஓடவில்லை. பதினொரு மணிக்குப் போன் செய்தேன், "ம்ம்" என்றான். பன்னிரண்டுக்கும் "ம்ம்"தான். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்க வந்தேன். உதிரப்போவது முத்தில்லை என்று ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"அக்கா, முடிச்சிட்டேன்."

எழுத்துக்கு எழுத்து சுத்தமாகக் கேட்டது. அப்படியென்றால் வாய் காலி. யாருடைய ரவிக்கை என்றுகூடப் பார்க்காமல் அதில் கண்ணைத் துடைத்தேன். முதலாளி போனை வாங்கி, திங்கட்கிழமை நேரத்தோடு வரச் சொல்லுங்கள் என்றார்.

அரை மணி கழித்துத் தம்பி வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் வந்தான். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு விரலில் ஸ்கூட்டர் சாவி ஆடியது. வாசலை எட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர் இல்லை. அவனும் எட்டிப் பார்த்தான். அந்த வீட்டு வாசலில் நிறுத்தியதை மறந்து முழுத் தூரமும் நடந்தே வந்திருக்கிறான்.

பழைய வார்த்தை பல்வரை வந்துவிட்டது. சட்டென்று நாலு குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"ம்ம்" என்று வாசலைக் காட்டினேன்.