நின்றால் தொங்கும் இறக்கை

பழவேற்காடு ஏரிக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தால், குப்பத்துப் பெண்கள் கலைந்து எழும் பூநாரைகளைப் பார்ப்பார்கள். தேவகி ஹெலிகாப்டரின் உச்சியைப் பார்ப்பாள். சுற்றுகிற வேகத்தில் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாது. அவை வந்து சேரும் நடுத்தலை மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும். அவள் புருஷன் தீனாவுக்கு அந்தப் புள்ளியில்தான் வேலை.

"உன் ஊட்டுக்காரரு மேலேர்ந்து கயிறு வுட்டு உன்னத் தூக்கினு போவப்போறாரு பாரு" என்பாள் பக்கத்து வீட்டு அமுதவல்லி.

"கயிறு வுடற அளவுக்கு நெனப்பு இருந்தா, போன் பண்ண மாட்டாரா?" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் தேவகி. சிரிப்பு வாசற்படியோடு நின்றுவிடும்.

தீனா மும்பைப் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் கொட்டகையில் இருந்தான். நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்கள் அங்கே பழுதுபார்க்க வரும். இறக்கைகளைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவன் பிரிவின் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவான்.

இந்த வருஷம் ஆடிக்கே வந்தாக வேண்டும். காரணம் பாடு. முகத்துவாரத்துக்கிட்டே இறால் ஓடும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் ஆடியில் ஊர் கூடி முறை பிரித்துக்கொள்ளும், அதுதான் பாடு. வெளியூரில் இருப்பவனுக்கு, கூட்டத்தில் அவன் இடத்தில் அவன் துடுப்பை வைத்தால் போதும், முறை காத்திருக்கும். ஆனால் இரண்டு வருஷம்தான் அப்படி. மூன்றாம் வருஷம் அவனே வந்து நிற்க வேண்டும். நின்றால் அந்த வருஷம் முழுக்க ஊரிலிருந்து வலை போட வேண்டும். இல்லையென்றால் துடுப்பைச் சொந்தத்தில் வேறு ஒருவன் கையில் கொடுத்துவிட வேண்டும். துடுப்போடு போன முறை திரும்பி வராது.

இரண்டு ஆடியிலும் தேவகிதான் துடுப்பைச் சுமந்துபோய் வைத்தாள். மூன்றாவது ஆடிக்காகக் காத்திருந்தாள். வந்து நின்றுவிட்டால் அவன் வீட்டிலேயே இருப்பான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டான்.

"டிக்கெட் எடுத்தாச்சா மாமா?"

"இன்னும் இல்ல. லீவு கேட்டா குடுப்பாங்க. நீ வான்னு சொல்லு, ராத்திரியே ஏறிடறேன்." அதற்குள் போனைத் திருப்பினான். "இத்தப் பாரேன், தலைய முழுசாப் பிரிச்சுட்டு இப்பதான் மாட்டினு கீறோம்."

நடுவில் இரும்புத் தலை. அதிலிருந்து நாலு கை. ஒவ்வொரு கையிலும் ஒரு நிறம். சிவப்புக் கையில் சிவப்பு இறக்கைதான் சேர வேண்டுமாம். மாற்றி மாட்டினால் ஹெலிகாப்டரே உதறுமாம்.

"இம்மாம் பெரிய றெக்கைக்கு ரெண்டே ஆணிதானா?" என்றாள்.

"ரெண்டுதான். ஆனா ஒவ்வொண்ணும் உன் கைத் தடிமன். போட்டு மூடி முறுக்கி, அது கழண்டுக்காம குறுக்க ஒரு ஊசி. அப்புறம் வேற ஒரு ஆளு வந்து தொட்டுப் பாப்பான்."

"அப்டியே ஆடாம இறுக்கிட வேண்டிதுதானே?"

"அய்யே! ஆடாம புடிச்சா ஒடிஞ்சிடும்டி. மேல கீழ போவணும், முன்ன பின்ன போவணும், தன்னால கொஞ்சம் திரும்பவும் செய்யணும். அதுக்குத்தான் கைக்குள்ள ரப்பரும் இரும்புமா அடுக்கி வச்சிருக்கு."

தேவகிக்கு அது புரிந்தது. படகு முளையில் துடுப்பைக் கட்டும் கயிற்று வளையத்தையும் அப்படித்தான் கொஞ்சம் தளர்வாக விடுவார்கள்.

மாட்டி முடித்த இறக்கை நுனி கீழே வளைந்து கிடந்தது. "இன்னா மாமா, வாடின கீரைத் தண்டாட்டம் தொங்குது?"

"நின்னா தொங்கும். சுத்த உட்டுப் பாரு, வெளிய இழுக்கிற இழுப்புலயே வெறைச்சு நேரா நிக்கும். அந்த இழுப்புதான் தேவகி அதுக்கு எலும்பு!"

அந்தக் குரலை அவள் வீட்டில் கேட்டதே இல்லை. பொங்கலுக்கு வந்தவன் முதல் இரண்டு நாள் பேசினான். பிறகு வலையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணியைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் இரண்டும் இறங்கிப் போயிருந்தன.

"வான்னு சொல்லட்டா?" என்றான் மறுபடியும். அவன் கேட்டது அவளுக்காக மட்டும் என்று தெரிந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரிவரை அவள் கூப்பிடவில்லை. கூட்டத்தன்று காலையில் அம்மன் கோயில் முன்னால் ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் பெயர் படித்தார். "கோதண்டம் பையன் தீனா. ஆள் வந்துகீறானா?"

மாமனார் கோதண்டம் திரும்பி மருமகளைப் பார்த்தார். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. தேவகி துடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய், கொழுந்தன் கன்னியப்பன் கையில் கொடுத்தாள். வளையக் கயிறு அவள் விரலில் மாட்டிக்கொண்டது. கன்னியப்பன்தான் மெதுவாக எடுத்துவிட்டான்.

"நல்லா யோசிச்சியா அண்ணி?" என்றான்.

ஆமென்று தலையை ஆட்டினாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள்.

வீட்டுக்குள் வந்ததும் போன் அடித்தது.

"இன்னா ஆச்சு?"

"குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. "கோவமா தேவகி?"

"இல்ல. பாடுக்காக இனிமே நீ வர வேணாம்." சுவரில் துடுப்பு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சும்மா, என்னப் பாக்க எப்ப வருவ?"

"இந்த வேல முடிஞ்சதும் வர்றேன்" என்றான். "இன்னும் நீல றெக்கை மட்டும்தான் பாக்கி."

"நீலத்த நல்லா மாட்டு" என்றாள். "மாட்டிட்டு வா."