ஒரு சிட்டிகை முதல் உப்பு

பேய், பிசாசு, சாமி வருவது எதையும் நான் நம்பியதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிப்ளமோ முடித்தவள், மீட்டர் காட்டுவதை மட்டும் நம்புகிறவள். ஆனால் இது மீட்டரில்தான் நடந்தது. நீங்கள் சிரித்தாலும் சரி.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி எங்கள் ஒர்க்‌ஷாப். பீங்கான் மாவைப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல அச்சில் அழுத்தி, மெல்லிய குழாயாக எடுத்துச் சூளையில் சுடுவோம். சூடான அந்தக் குழாய்க்குள் ஹைட்ரஜன் விட்டால் மின்சாரம் வரும். நான் பிழிந்தவை இரண்டு முறை சூளையில் விரிசல் விட்டுவிட்டன. இந்த முறையும் போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாக முதலாளி மேடம் சொல்லியிருந்தார்.

அன்று அம்மா சாப்பாடு கொண்டு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். பருவத்தின் முதல் உப்பில் ஒரு சிட்டிகையைப் பிழைப்புக்கான சாமான் மேல் போடுவது அங்கே வேலை செய்கிறவர்கள் வழக்கம். நான் திரும்புவதற்குள், மெஷினில் மாவு போடும் வாயிலேயே போட்டுவிட்டாள்.

"யம்மா! உப்பு பட்டா எல்லாம் பாழாப் போயிடும்மா!"

"சோத்துக்கு ஆவுது, உன் மெஷினுக்கு ஆவாதா? போடி, பெரிய படிப்பு!"

அளந்து கொடுத்த மாவு அவ்வளவுதான், மாற்ற வேறு மாவு இல்லை. யாரிடமும் சொல்லாமல் பிழிந்தேன்.

சுட்டதில் ஒரே ஒரு குழாய்தான் விரிசல் இல்லாமல் வந்தது. சோதனை அன்று பட்டப்பகல், குழாய் சூடேறிக்கொண்டிருந்தது, கேஸ் விடுவதற்கு முன்பே மீட்டர் ஏறத் தொடங்கியது.

"ஏம்மா, கேஸ தொறந்துட்டியா?" என்றார் டெக்னீஷியன் செல்வம் அண்ணன்.

"சாவி உங்க கையிலதாண்ணா இருக்குது!"

அவர் கையைப் பார்த்தார். கேஸ் டியூபையே பிடுங்கிப் போட்டார். எண் ஒரு வோல்ட்டில் அசையாமல் நின்றது. மேடம் மீட்டரை மாற்றினார், அதிலும் அதேதான். குட்டி பல்பை இணைத்தோம், எரிந்தது. தீபாராதனைக்கு நிற்பவர்கள் போல மூன்று பேரும் நின்றோம், சூளையை அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

என் வேலை நிலைத்தது. உப்பு விழுந்ததை மேடத்திடம் ஒப்புக்கொண்டேன், அவர் அந்தக் குழாயை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அது இப்போதும் என் டிராயரில்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதன் மேல் உப்பு பூத்திருக்கும். துடைத்து ஒரு டப்பாவில் சேர்க்கிறேன். அம்மா போட்டது ஒரு சிட்டிகைதான். டப்பா பாதி நிறைந்துவிட்டது. குழாயை எடை போட்டால், முதல் நாள் நான் எழுதி வைத்த அதே எடைதான் காட்டுகிறது.