மனுவேற்பிள்ளை அண்ணையின் நான்காவது குழாய்

மனுவேற்பிள்ளை அண்ணை காலமான செய்தி சலூனில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாதி முகம் நுரையோடு இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று அரியாலைச் சந்தியால் திரும்பி, பதிவு செய்த குரலில் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு வந்தது. "குருநகரைச் சேர்ந்த" என்று தொடங்கியதுமே, பழைய பழக்கம், "சத்தம் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்து வந்தது அவருடைய பெயர். மீதி முகத்தை எப்போது வழித்து முடித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மருமகன் வந்து கேட்டார். "மாமாவின்ரை துணிவைப் பற்றி எழுதுங்கோ" என்றார். செத்த வீட்டிலும் எல்லோரும் அதையேதான் கதைத்தார்கள். குண்டு போடுகிற பொம்மர் விமானம் தலைக்கு மேலே சுற்றும்போதும் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாத மனுசன், பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி என்று. இதை வாசிக்கும் நீங்கள் அநேகமானோர் அவரை அறிந்தவர்கள். அப்படித்தான் நம்பியும் இருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். அது உண்மையில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அவர் மனைவி றீற்றா அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணைக்கு முதலில் படகு இயந்திரம் திருத்துகிற வேலை. எண்பத்து மூன்றில் சண்டை தொடங்கிய பிறகு கடலுக்குப் போவதே பெரும்பாடாகிவிட, குருநகரில் இயந்திரம் திருத்துபவனுக்கு என்ன வேலை? தகப்பன் விட்டுச்சென்ற பழைய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கோயில் திருவிழா, பெருநாள், விளையாட்டுப் போட்டி, மரணம் என்று ஊர் ஊராக அறிவித்தல் செய்யத் தொடங்கினார். நான் அப்போது அரியாலைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. மண்ணெண்ணெய் வாங்க வந்தவர், நான் சனத்தை வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்தியதைக் கேட்டுவிட்டு, "உந்தக் குரலை ஏன் மண்ணெண்ணெய்க்கு வீணாக்கிறாய்? நாளைக்கு என்னோடை வா" என்றார். போனேன். பதினொரு வருசம் அவருக்குப் பின்னால் இருந்து மைக்கைப் பிடித்தேன்.

அந்த மோட்டார் சைக்கிளை அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதன் சொந்த பற்றறி ஒரு குழாய்க்கே திக்குமுக்காடியது. ஆகவே கார் பற்றறி ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டார். எங்கள் வீதிகளின் குண்டு குழியில் அம்பிளிபயரின் ஈயப் பற்றுகள் விட்டுப்போயின. சைக்கிள் ரியூப்பை வார் வாராக வெட்டி, அம்பிளிபயரைப் பெற்றோல் தாங்கிக்கு மேலே தொட்டில் கட்டினார். "பிள்ளை நித்திரை, மெல்ல ஏறு" என்பார் என்னிடம். இயந்திரத்தின் தீப்பொறி 'கிர்' என்று குழாய்க்குள் கேட்டது. இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு வாசிக்கலாம்தான், ஆனால் மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி, மறுபடி எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு மூடி பெற்றோல் வேண்டும். தடை இருந்த அந்த நாளில் பெற்றோலை மருந்துப் போத்தலில்தான் வைத்திருந்தோம். கம்பி வலை, தகரம், பழைய வானொலியின் உறுப்புகள் என்று ஒரு மாதம் மினக்கெட்டு, இப்ப கேக்குதோ என்று என்னையே கேட்டுக் கேட்டு அந்தக் 'கிர்'ரை அடக்கினார். அன்றைக்கு றீற்றா அக்காவைக் கூப்பிட்டு வைத்து, "குளோறியா" என்ற பூசைப் பாட்டு முழுவதையும் மைக்கில் பாடிக் காட்டினார். கர்ணகடூரம்.

ஆனால் அவருக்கு ஒரு குறை தீரவே இல்லை. சத்தம் காணாது. ஒன்றாக இருந்த குழாய் இரண்டானது. இரண்டு மூன்றானது. பெரிய அம்பிளிபயர் வந்தது. எனக்கு முதுகுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து நான்காவது குழாயையும் ஏற்றிய அன்று, கொழும்புத்துறையில் ஒரு செத்த வீட்டுக்காரர் ஓடிவந்து எங்களை மறித்தார். "ஐயோ, அப்பா செத்ததைச் சொல்லச் சொன்னா, படக்கொட்டகை விளம்பரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு போறியள்!" என்று அழுதார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கேட்டியளே அண்ணை? நாலாவதைக் கழட்டுங்கோ" என்றேன். "அந்தாள் கவலையிலை கதைக்குது. சத்தம் காணாதடா" என்றார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மைக்கை அவர் மடியில் போட்டுவிட்டு, "நீங்களே கத்துங்கோ" என்று சொல்லி, கொழும்புத்துறையிலிருந்து வீடு மட்டும் நடந்தே வந்தேன். ஒரு கிழமை அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமையில் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும், பொம்மர் வந்தது. ஒழுங்கைச் சனம் முழுக்கப் பதுங்குகுழிப் பங்கருக்குள் இறங்கிவிட்டது. நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு ஆட்களுமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அது சுற்றியது. தாழ வந்து மறுபடி சுற்றியது. அப்போது அந்த இரைச்சலுக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்டது. "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை..." அண்ணையின் குரல். சரியாக வாசிக்க வராத, தடக்கித் தடக்கிப் போகிற அவருடைய சொந்தக் குரல். நான்கு குழாயிலும் முழங்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. "உந்த மனுசனுக்கு நெஞ்சுக்குள்ளை இரும்போ?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வெளியே பாய எழும்பிய என்னை அம்மா சேட்டில் பிடித்து இழுத்து விழுத்தினா.

அன்றைக்கு எங்கள் பக்கம் குண்டு ஒன்றும் போடவில்லை. சத்தம் தேய்ந்ததும் தலைமயிரெல்லாம் மண்ணோடு ஏறி வந்தேன். வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா, கிடங்குக்கை என்ன செய்யிறாய்?"

நான் தலையிலிருந்த மண்ணைத் தட்டினேன்.

"கோவம் போச்சுதோ? வா, ஏறு. நீ இல்லாமல் சரிவரேல்லை. உந்த ஒழுங்கை முழுக்கச் சுத்தி வாறன், ஒரு சனம் வெளியாலை வந்து கேக்கேல்லை. சத்தம் காணாது. அஞ்சாவது ஒண்டு போடத்தான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள்ளேயே அழுகையும் வந்துவிட்டது. வருசக்கணக்காகப் படகு இயந்திரத்துக்குள் தலையை வைத்திருந்த மனுசன். நான் பின்னால் இருந்து கதைத்ததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்த மனுசன். எப்படி எனக்குப் பிடிபடாமல் போனது? வாயை அவர் காதுக்குள் வைத்து, "அண்ணை, இப்ப மேலை பொம்மர் நிண்டது" என்று கத்தினேன். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு வெறுமையாகக் கிடந்த ஒழுங்கையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. படலையடி வேலிக் கதியாலில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டார்.

என்னைக் கிட்ட இழுத்தார். "ஆருக்கும் சொல்லிப்போடாதை. செவிடன்ரை ஸ்பீக்கரை ஆரடா கூப்பிடுவினம்?"

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணை பயந்தார். இதை எழுதாமல் விட்டால் அவருக்குச் செய்கிற துரோகம். நீங்கள் கண்ட அந்த அசையாத மனுசன், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பங்கர் இருக்கிற வளவுகளை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார். சிலுவை அடையாளத்தை இரண்டு தரம் போடுவார். பேசாமல் நிற்பாட்டிவிடுங்கோ என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "செத்த வீட்டுக்காரர் வாசல்லை வந்து நிக்கினம். கடுதாசி எப்ப போய்ச் சேரும்? பெட்டியை மூடமுன்னம் சொந்தக்காரர் வந்து பாக்க வேண்டாமோ?" என்பார். என் கை எப்போதும் அவர் தோளில் இருக்கும். நான் அழுத்தினால் வண்டி நிற்கும். இரண்டு பேரும் எந்த மதிலோரம் என்றாலும் விழுவோம். பிறகு தலையைத் தூக்காமலே, "போயிட்டுதோ?" என்று என்னைக் கேட்பார். போய்விட்டது என்று நான் தலையாட்டும்வரை எழும்பமாட்டார்.

ஐந்தாவது குழாய் வரவில்லை. நான்காவதும் மூன்றாவதும் இறங்கின. "உன்ரை காதுக்கு எவ்வளவு காணுமோ அவ்வளவு" என்று சொல்லி, அம்பிளிபயரின் திருகை என்னிடம் விட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் அறிவித்தலைச் சனம் வாசலுக்கு வந்து நின்று கேட்டது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது, றீற்றா அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றுவதற்காகக் குழாய்களைக் கழற்றிக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அவர் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று போன கிழமை றீற்றா அக்காவைக் கேட்டபோது அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. "எழுதுங்கோ தம்பி. அவருக்குக் காது கேளாதெண்டு எனக்குத் தெரியாதே? நான் பேசின பேச்செல்லாத்துக்கும் சிரிச்சுக்கொண்டல்லோ இருந்தவர். நீங்கள் பின்னாலை இருக்கிறியள் எண்ட ஒரு நம்பிக்கையிலைதான் அவரை வெளியாலை விட்டனான்" என்றா. நான் ஒளித்து வைத்த ரகசியத்தின் இலட்சணம் இது.

அவருடைய பொருள் எதையும் நான் எடுத்து வைத்திருக்கவில்லை. எனக்கென்று வைத்திருப்பது சென்ற வருசத்து ஒரு பின்னேரம் மட்டும்தான். கனடாவிலிருந்து வந்த மகள் அவருக்குக் காதுக் கருவி வாங்கிப் பூட்டிவிட்டிருந்தாள். பார்க்கப் போனேன். கரண்டி சத்தம், காகம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் எல்லாவற்றுக்கும் முகத்தைச் சுளித்தபடி இருந்தார். "ஊர் இவ்வளவு சத்தமோடா? நான் வேறை சத்தத்தைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். அப்போது பலாலி விமான நிலையப் பக்கமிருந்து பயணிகள் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே போனது. அண்ணையின் கை என் கையை இறுகப் பிடித்தது. அது கடலுக்கு மேலே சென்று மறையும்வரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உதுவே அந்தச் சத்தம்?"

"உதைவிடப் பெரிசு அண்ணை."

"அதைக் கேட்டுக்கொண்டோடா நீ என்ரை பின்னாலை இருந்தனீ?"

"ஓம் அண்ணை. நல்லாப் பயந்துகொண்டுதான் இருந்தனான்" என்றேன். குரல் எழும்பவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டுவிட்டது.