மாமாவின் மூன்று அமெரிக்க நகரங்கள்

என் மாமாவின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்ததும் நான்தான், அதை ஒப்பேற்றி வைத்ததும் நான்தான் என்று கனகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதற்பாதி உண்மை. ஒன்பது வயதுப் பிள்ளையால் எவ்வளவு குழப்ப முடியுமோ அவ்வளவு குழப்பினேன். இரண்டாம் பாதியில்தான் பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. மொன்ட்ரியாலில், கார்ட்டியர்வில் பக்கம் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். ஓர் அறை அப்பா அம்மாவுக்கு, மற்றது எனக்கு, ஹோலில் கிடந்த செற்றி என்கிற மெத்தைக் கதிரை மாமாவுக்கு. டோர்வல் விமான நிலையத்தில் அவருக்கு வேலை. பயணிகள் இறங்கிப் போன பிறகு விமானத்துக்குள் ஏறிக் கூட்டித் துடைத்து, அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாக்குகிற வேலை.

எங்கள் தெரு மூலையில் இருந்த ட்ரவல் ஏஜென்சியை அந்த வருடம் மூடினார்கள். வேலையால் வந்த மாமா, அவர்கள் நடைபாதையில் போட்டிருந்த போஸ்டர்களை ஒரு கட்டாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் அமெரிக்க நகரங்கள். கமராவில் எடுத்தவை அல்ல, கையால் வரைந்தவை. வானம் தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். கட்டடங்களின் ஜன்னல்கள் சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்களாக இருக்கும். கீழே ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஹோல் சுவரில் பெயின்ற் உரிந்து கிடந்தது. வீட்டுக்காரர் இன்றைக்கு அடிக்கிறேன், நாளைக்கு அடிக்கிறேன் என்று ஒரு வருடத்தைக் கடத்தியிருந்தார். மாமா ஒரே பின்னேரத்தில் அந்தச் சுவரை அமெரிக்காவால் மூடிவிட்டார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, அமெரிக்காவில் சனமே இல்லைப் போலிருக்கிறதே என்றார். மியாமியில் மட்டும் ஒரு பெண் இருந்தாள், நீச்சல் உடுப்போடு. அம்மா அவளுக்கு மேல் கோயில் கலண்டரைத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, கலண்டர் மாற்றுகிற நாளில்தான் அவள் வெளிச்சம் கண்டாள்.

அப்போது மாமாவுக்கு முப்பத்தைந்து வயது. இரண்டு சம்பந்தங்கள் வந்த வழியே திரும்பிப் போயிருந்தன. ஒன்று சாதகம் பொருந்தாமல், மற்றது மாமாவின் வழுக்கை ஏறிய முன்நெற்றி பொருந்தாமல். மூன்றாவதாக யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியம்மா ஒரு பேச்சுக்கால் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். பெண்ணின் படம் வந்த நாளில் மாமா அதைச் சும்மா பார்த்தவர் போலப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அடுத்த நாள் மேசையில் படம் இல்லை. விமான நிலையத்துக்குள் போகக் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையின் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் அது இருந்ததை நான் கண்டேன். கண்டதை யாருக்கும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அது பெரிய காரியம்.

பதிலுக்கு மாமாவின் படம் அனுப்ப வேண்டும். மாசி மாதம், வெளியே முழங்காலளவு பனி. வெளியே நின்று எடுத்தால் ஜக்கெற்றும் தொப்பியுமாக மூக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அப்பா அவரை ஹோலுக்குள்ளேயே நிற்பாட்டிப் படம் எடுத்தார். எந்தப் போஸ்டருக்கு முன்னால் என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். நியூயோர்க் ஒன்று, சிக்காகோ ஒன்று, சான் பிரான்சிஸ்கோ ஒன்று. கீழே இருந்த ஊரின் பெயர் மூன்றிலும் மாமாவின் காலுக்குப் பின்னால் மறைந்துபோனது.

படங்கள் கழுவி வந்ததும், பின்பக்கத்தில் மாமாவின் பெயரையும் திகதியையும் எழுதச் சொல்லி அம்மா என்னிடம் தந்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் எழுத்துத்தான் வடிவு என்பது ஊரறிந்த விஷயம். ஊர் என்று நான் சொல்வது அந்த வகுப்பில் இருந்த பதினொரு பிள்ளைகளை. பெயரையும் திகதியையும் எழுதிய பிறகும் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஊரின் பெயரை உருட்டி உருட்டி எழுதினேன். அம்மா எழுத்தின் அழகைப் பார்த்துப் பூரித்துப்போய், என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசிக்காமலேயே உறைக்குள் போட்டுவிட்டார்.

மூன்று கிழமை கழித்துப் பெரியம்மாவின் தொலைபேசி வந்தது. அம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவுக்குப் போனால், பின்னால் மாளிகைப் படிக்கட்டும் நீர்வீழ்ச்சியும் வரைந்த திரை ஒன்று தொங்கும். எடுத்த படத்தின் பின்பக்கத்தில் ஸ்ரூடியோ இருக்கிற ஊரின் பெயரைக் குத்தித் தருவார்கள். வாத்தியார் மாமாவின் படங்களில் வரைந்த திரையைக் கண்டார். திருப்பினார், ஊரின் பெயரைக் கண்டார். கனடா மாப்பிள்ளை என்று சொன்னவர் நியூயோர்க்கில் ஒரு ஸ்ரூடியோ, சிக்காகோவில் ஒரு ஸ்ரூடியோ என்று போய்ப் படம் எடுத்திருக்கிறார், ஓரிடத்தில் காலூன்றாமல் நாடு நாடாகத் திரிகிறவருக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

விசாரணை நீளவில்லை. எழுத்து யாருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் இரண்டு குட்டு வாங்கினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இது ஒரு விஷயமா, நானே கதைக்கிறேன் என்று வெளிநாட்டுக்குக் கதைக்கிற தொலைபேசி அட்டையின் இலக்கத்தைச் சுரண்டினார். சுவரில் ஒட்டிய போஸ்டர் அது, எழுதியது எங்களுடைய ஒன்பது வயது மகள் என்று வாத்தியாருக்கு விளக்கினார். மறுபக்கத்திலிருந்து வந்த பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“கனடாவில வளருற பிள்ளை இப்பிடித் தமிழ் எழுதுமோ? ஆரோ பெரிய ஆள் எழுதிப்போட்டுப் பிள்ளையில பழியைப் போடுறியள்.”

அப்பாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும், எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வாத்தியார் தொலைபேசியை வைத்துவிட்டார். இப்படி அவமானப்பட்டுச் சம்பந்தம் செய்யத் தேவையில்லை என்று அப்பா குதித்தார். மாமா கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டு இருந்தார். “பிள்ளை எழுதட்டும் அத்தான்” என்று கடைசியில் சொன்னார்.

அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினேன். மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம், நாங்கள் நலம், மாமா விமான நிலையத்தில் நல்ல உத்தியோகம் பார்க்கிறார். அம்மா அந்த வசனத்தை ஏற்கெனவே பலமுறை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. கேட்கிறவர் தன் பாட்டில் ஒரு வெள்ளைச் சட்டையையும் கழுத்துப்பட்டியையும் மாமாவுக்குப் போட்டுவிடுவார், அவ்வளவுதான். அதற்குள் அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை வந்து சொல்கிறேன் என்று ஓடிவிட்டார்.

தாளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. கடிதம் என்றால் ஒரு பக்கம் நிரம்ப வேண்டும் என்பது தமிழ் வகுப்பு ஆசிரியையின் சட்டம். எனக்கு ஆசிரியையிடம் இருந்த பயம் அம்மாவிடம் இல்லை. நானே நிரப்பினேன்.

போஸ்டர்கள் நடைபாதையிலிருந்து எடுத்தவை என்றும், அவற்றைக் கழற்றினால் சுவர் அசிங்கமாக இருக்கும் என்றும் எழுதினேன். மாமா சிக்காகோவுக்குக் கீழே செற்றியில் படுக்கிறார், செற்றி நீளம் கட்டை என்பதால் காலை ஒரு ஸ்டூலில் வைக்கிறார், குறட்டை விடுவார். விமானம் கழுவுகிறார், கக்கூஸும் கழுவுகிறார். வீட்டுக்கு வந்ததும் கழுவுகிற மருந்தின் மணம் போகக் கையை இரண்டு தரம் கழுவிய பிறகுதான் என்னைத் தொடுவார். அமெரிக்காவுக்கு ஒருநாளும் போகவில்லை. உங்கள் மகளின் படத்தை அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கம் நிரம்பியது. இப்படிக்கு என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

அன்று லீவில் நின்ற மாமாவிடம் கொடுத்தேன். வாசித்தார். மடித்து உறைக்குள் போட்டார், ஒட்டினார், ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். அம்மா வேலையால் வந்து கடிதம் எங்கே என்று கேட்டபோது, “நீங்கள் சொன்ன மாதிரியே எழுதினவள் அக்கா” என்றார். எனக்குத் தெரிய மாமா சொன்ன ஒரே பொய் அது.

ஒரு மாதத்துக்குப் பிறகு சம்மதம் என்று செய்தி வந்தது. அம்மா கோயிலுக்கு வைத்த நேர்த்தி பலித்தது என்றார். தான் தொலைபேசியில் கதைத்த கதைதான் என்றார் அப்பா. நான் என் கையெழுத்து என்றேன். மாமா யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார். கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் முடிந்து மாமி வந்து சேர மேலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

மாமி வந்த அன்று ஹோலில் நின்று சுவரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிக்காகோவுக்குக் கீழே போய், இதுதானோ அந்தச் செற்றி என்று கேட்டுவிட்டு, கையால் அமத்திப் பார்த்துவிட்டு அதில் இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் கிட்டப் போய், என் எழுத்து வடிவாக இருந்ததா என்று கேட்டேன்.

“வடிவுதான். ஆனா அப்பா வாசிச்சிட்டு வேண்டாம் எண்டவர்” என்றார் மாமி. “எழுதினது சின்னப் பிள்ளை, அனுப்பினது அவரெல்லோ எண்டு நான்தான் அப்பாவோட வாதாடி நிண்டனான்.”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. தபாலில் போட்டதெல்லாம் ஒரு வேலையா, அதை யாரும் செய்யலாமே என்று நினைத்தேன். மாமி பெரியவர் என்பதால் எதிர்த்துக் கதைக்கவில்லை.

கனகாலம் கழித்துத்தான் இது நினைவுக்கு வந்தது. கடிதத்தைக் கொடுத்த அந்தப் பின்னேரம், மாமா அதை எனக்கு முன்னால் வாசிக்கவில்லை. சுவர்ப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நியூயோர்க் போஸ்டருக்கு முன்னால் நின்று வாசித்தார். ஒரு பக்கக் கடிதம்தான், ஆனால் கனநேரம் நின்றார். ஊர்ப் பெயர்களைப் போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இனியும் குட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. “எல்லாம் சரியாத்தான் மாமா எழுதினனான்” என்றேன்.

“ஓம் பிள்ளை, எல்லாம் சரி” என்றார் மாமா. திரும்பிப் பார்க்கவில்லை.