ஸ்ரீரங்கம் வரை போய், கோயிலுக்குள் போகாமல் திரும்பினேன்

முப்பது வருஷமாக ஒவ்வொரு பங்குனியிலும் நான் கேட்டு, ஒவ்வொரு பங்குனியிலும் தள்ளிப்போன பயணம் இது. பங்குனித் திருவிழாவில் ஒரே ஒரு நாள் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு வந்து, அங்கிருக்கும் கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்து உட்கார்ந்து காட்சி கொடுப்பார். இதைச் சேர்த்தி என்பார்கள். மூன்று நாள் கழித்து, உத்திரத்தன்று, ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயாரோடு இன்னொரு சேர்த்தி. பெருமாள் உறையூர் போய்வந்த கோபத்தில் தாயார் முதலில் கதவைச் சாத்திவிடுவார்.

என் வீட்டுக்காரர் திருச்சியில் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ், அங்கே மனைவி, ஒரு மகள். நான் புதுக்கோட்டையில். ஆமாம், இரண்டாவது. தெரிந்தேதான் கழுத்தை நீட்டினேன், முருகன் கோயிலில், வள்ளி தெய்வானை சாட்சியாக. அந்தச் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. மாதம் இரண்டு சனிக்கிழமை வருவார். உறையூருக்குக் கூட்டிப் போங்கள் என்றால், "அங்க பாதி ஊரு எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி. அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். போன வைகாசியில் போய்விட்டார். மூன்றாம் நாள்தான் எனக்குத் தகவல் வந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை.

ஆக, இந்த முறை எனக்கு இரண்டு வேலை. ஒன்று, சேர்த்தி பார்ப்பது. இன்னொன்று, அவருடைய முதல் மனைவியைப் பார்த்து, வரும் வைகாசியில் தலைத்திவசத்தன்று ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்பது. அக்கா என்றுதான் மனசுக்குள் கூப்பிட்டிருக்கிறேன். நேரில் பார்த்ததே இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து ரயிலில் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், முன்பதிவில்லாத டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். பன்னிரண்டரைக்குத் திருச்சி ஜங்ஷன். அங்கிருந்து உறையூருக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். சேர்த்தி நாளில் கோயில் தெருவுக்குள் வண்டி விடமாட்டார்கள், அரை கிலோமீட்டராவது நடக்க வேண்டும்.

"சேர்த்திக்கா போறீங்க? புருஷன் பொண்டாட்டி சேர்ந்து பாக்கணும்பாங்களே, சார் வரலையா?" என்றார் ஆட்டோக்காரர்.

"அவரு முன்னாடியே போயிட்டாருங்க."

"அப்ப வரிசையில இடம் புடிச்சு வச்சிருப்பாரு, கவலைப்படாதீங்க" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

இரண்டு மணிக்கு வரிசையில் நின்று நாலே காலுக்கு உள்ளே போனேன். தண்ணீர் பாட்டில் கட்டாயம் எடுத்துப் போங்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் பின்னால் எல்லாம் ஜோடி ஜோடியாக நின்றார்கள். பெருமாள் மட்டும் நாச்சியாரோடு ஊரறிய உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு பேர் நடுவில், ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நான் நின்றிருக்கக் கூடாதா?

வரிசையில் நின்றபடி சட்டத்தோடும் சண்டை போட்டேன். இந்துக்களுக்கு முதல் மனைவி இருக்கும்போது செய்யும் இரண்டாம் கல்யாணம் கல்யாணமே இல்லை. ஆனால் அதில் பிறந்த பிள்ளை முறையான பிள்ளை. என் மகன் அவருக்கு மகனாம், அவனைப் பெற்ற நான் யாருமில்லையாம். என்ன நியாயமோ! என்னோடு வேலை பார்த்த பாத்திமாவின் மாமனாருக்கு இரண்டு மனைவி. அவர்கள் சட்டத்தில் இரண்டு பேருமே மனைவிதான். எங்களுக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், இரண்டு கையையும் தூக்கியிருப்பேன்.

இரவு சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ், அறை தொள்ளாயிரம் ரூபாய். மறுநாள் காலை ஒன்பதரைக்குப் புத்தூரில் அக்கா வீடு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் மகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று இங்கே வந்தார்களாம். போனில் கேட்டபோது "வா" என்று ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார். காபி கொடுத்தார். சுவரில் மாலை போட்ட படம். அதில் அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையை நான் பார்த்ததே இல்லை. அதற்குத்தான் முதலில் அழுதேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். "ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிறேன்க்கா. சட்டம் எங்களையும் ஒத்துக்கிட்டிருந்தா இப்படிக் கேட்டு நிக்க வேண்டியிருக்காது."

"நல்லா இருக்கே கதை! நீ தெரிஞ்சு வந்த. அவரு தெரிஞ்சு கட்டினாரு. என்னை யாரு கேட்டா? அவரு இல்லாத சனிக்கிழமையெல்லாம் பொண்ணுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேனே, அதையும் உன் சட்டம் எழுதி வச்சுக்குமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பையனை அனுப்பு, அவன் செய்யட்டும். நீ வேணாம். அந்த ஒரு நாளாவது அவரு என்கூட மட்டும் இருக்கட்டும்."

நான் ஏங்கினது அவ்வளவும் அக்காவும் ஏங்கியிருக்கிறார், அதுவும் ஒரே ஆளுக்காக. எழுந்து, பையிலிருந்த பிரசாதப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"உறையூர்ப் பிரசாதம்க்கா."

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வருஷம் திரும்பலையே! எப்படி கோயிலுக்குள்ள போன?"

"எனக்கென்னக்கா தீட்டு? நான் அவருக்கு யாரு?" வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"வாயைக் கழுவு! நமக்கு ஒரு வருஷம் கோயில் கிடையாதுன்னு தெரியாதா? கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு நானே வாசப்படி மிதிக்கல. போ, காவிரில தலைக்குக் குளிச்சிட்டு ஊருக்குப் போய்ச் சேரு."

நமக்கு என்றார். கோபத்தில் வந்த வார்த்தை, அவரே கவனித்திருக்க மாட்டார். நான் படியிறங்கி பஸ் ஏறும்வரை காதில் அதுதான்.

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காவிரியில் திதி கொடுக்கும் படித்துறை, அம்மா மண்டபத்தில் இறங்கினேன். பங்குனியில் தண்ணீர் முழங்கால் அளவுதான், சொம்பு கொண்டு போங்கள். வெயிலில் உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு, பத்து மாதத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் படித்துறையில் அழுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

சட்டம் மாற வேண்டுமா என்று இப்போது கேட்டால், முதலில் புத்தூருக்குப் போய் அக்காவைக் கேளுங்கள் என்பேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் என் முப்பது வருஷத்தை ஒன்றுமில்லை என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.

ஈரத் தலையோடு ஒரு கிலோமீட்டர் நடந்து ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதனால் ஸ்ரீரங்கத்து நடை நேரம், தரிசன வரிசை, உத்திரச் சேர்த்தி எதுவும் இந்தப் பதிவில் இல்லை. நான் உள்ளே போகவில்லை. என் புருஷன் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.